ஒரு நாளைக்கு மூணு தேங்காய்

ஜன்னல் ஓரம் நீங்க இருங்க தம்பி. எனக்குக் காத்து அடிச்சா காது வலிக்கும். நாகர்கோவில்தானே? நானும் அங்கதான். ரெண்டரை மணிக்கூர் ஆகும், பைய மேல போட்டுருங்க. மடியில வச்சா நெய்யாற்றின்கரை தாண்டுததுக்குள்ள கால் மரத்துப் போகும்.

நான் ஏர்ப்போர்ட்டுல இருந்து வாறேன். எங்கயும் போயிட்டு வரல, அனுப்பிட்டு வாறேன். யார அனுப்பினேன்னு பெறவு சொல்லுகேன். இப்பச் சொன்னா உங்களுக்குக் கணக்கு புரியாது.

முதல்ல இதுக்குப் பதில் சொல்லுங்க. நெதர்லாந்துல வேலை. பிடித்தம் எல்லாம் போக மாசம் மூவாயிரத்து நானூறு யூரோ கையில வரும். புருசன், பொண்டாட்டி, ஒம்பது வயசுல ஒரு பொண்ணு, அஞ்சு வயசுல ஒரு பையன். குடும்பம் அங்க போனா பத்துமா, பத்தாதா?

தெரியாதுல்லா. யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

என் பேரு தாணுமாலயன். மின்வாரியத்துல முப்பத்தி நாலு வருசம். கடைசி ஒம்பது வருசம் கணக்கு மேற்பார்வையாளர். வடசேரியில வந்து, வெளிநாட்டு வேலைக் கடுதாசிய யார்கிட்ட காட்டணும்னு கேட்டா, சின்னப் பிள்ளை கூட என் வீட்டைக் காட்டும். மஸ்கட்டு, சிங்கப்பூர், துபாய், ஆஸ்திரேலியா, எல்லாக் கடுதாசியும் என் மேசைக்கு வந்துருக்கு. நான் எந்த நாட்டுக்கும் போனதில்ல. அதனாலதான் என் கணக்கு சுத்தமா இருக்கும். போனவன் ஊரப் பாத்து மயங்கிருவான், பெறவு அவன் சொல்லுகது எதையும் நம்ப முடியாது.

இதுவரைக்கும் பதினாலு குடும்பத்துக்குப் பாத்துச் சொல்லிருக்கேன். பதினோரு குடும்பத்த வேண்டாம்னு நிறுத்திட்டேன். எங்க தெருவுல வில்சன்னு ஒரு பையன். மஸ்கட்டுல நல்ல கம்பெனி, குடும்பத்தோட விசா. நான் ஒரு ராத்திரி உக்காந்து கணக்குப் போட்டு, பத்தாதுலேன்னு சொன்னேன். கேட்டுக்கிட்டான். இப்ப ஊருலயே செல்போன் ரீசார்ஜ் கடை. நான் அந்தப் பக்கம் போனா மேசைக்கு அடியில எதையோ தேடுத மாதிரி குனிஞ்சிருவான். பன்னெண்டு வருசம் ஆச்சு, அந்த மரியாதை குறையல.

சொல்பேச்சு கேக்காமப் போன மூணு பேர் இருக்கான். வீடு கட்டிட்டான், கார் வாங்கிட்டான். அது வேற. வீடு கட்டுகதெல்லாம் கணக்குல வராது.

எப்படிக் கணக்குப் போடுவேன்னு கேப்பீங்க. மத்தவங்க வாடகை, கரண்டு, பள்ளிக்கூடம்னு எழுதிட்டு இருப்பான். அதெல்லாம் ஊருக்கு ஊரு மாறும். மாறாதது ஒண்ணுதான். தேங்கா. நீங்க எந்த ஊருல போய் இருந்தாலும் நம்ம ஆளு நாக்கு மாறாது. காலையில தோசைக்குச் சட்னி, மத்தியானம் அவியலோ தீயலோ மீன்கறியோ, ராத்திரி புட்டு. ஒரு மரியாதையான குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு மூணு தேங்கா. அந்த ஊருல ஒரு தேங்கா என்ன விலைன்னு கேளுங்க. மூணால பெருக்கி, முப்பதால பெருக்கி, அத அஞ்சால பெருக்குங்க. அதுதான் அந்த ஊருல சாப்பாட்டுச் செலவு. முப்பது வருச ஆராய்ச்சி தம்பி. சிரிக்காதீங்க. பல பேரு சிரிச்சான், பெறவு விலையக் கேட்டுட்டு வந்து பேசாம உக்காந்தான்.

மகாதேவன் என் மருமவன். கம்ப்யூட்டர்காரன். நெதர்லாந்துல சிப்பு செய்யுத கம்பெனிக்குப் போயி ஒண்ணே கால் வருசம். அவன் போனதும் ஸ்ரீகலா, அதாவது என் மக, பிள்ளைங்களோட எங்க வீட்டுக்கு வந்துட்டா. ஒரே மக. இங்க தனியார் காலேஜ் ஆபீஸுல வேலை. அவ வந்த பெறவு வீட்டுக்கு ஒரு களை. காலையில என்ன ஸ்கூட்டர்ல பேங்குக்குக் கொண்டு விடுவா, சாயந்திரம் கோயிலுக்கு, மாசம் ஒருக்க பிரஷர் பாக்க டாக்டர்கிட்ட. எனக்குன்னு எதுவும் கிடையாது, அவளுக்கும் வெளியில போன மாதிரி இருக்கும்.

இப்ப அங்க அவனுக்கு வேலை நிரந்தரம் ஆச்சு. குடும்பத்தக் கூட்டிக்கலாம்னு கடுதாசி குடுத்துட்டாங்க. ஒரு ஞாயித்துக்கிழமை வீடியோவுல வந்தான்.

"மாமா, நீங்க ஒரு வாட்டி பாத்துச் சொல்லுங்க. நீங்க சொன்னா டிக்கெட் போட்டுருவேன்."

பாத்தீங்களா? என் கையில குடுத்துட்டான். அவன் சும்மா மரியாதைக்குக் கேட்டான், பெரியவங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்லா, அதான் கேட்டான்னு பகவதி சொல்லுதா. பகவதி என் வீட்டுக்காரி. மரியாதைக்குக் கேட்டாலும் கேட்டது கேட்டதுதானே? கேட்டா கணக்குப் போடாம இருக்க முடியுமா?

போட்டேன். வாடகை ஆயிரத்தி அறுநூறு. கரண்டு, கேஸ், தண்ணி, இன்சூரன்ஸ், பஸ்ஸு, போனு, மாசாமாசம் அவன் அம்மாவுக்கு அனுப்புகது எல்லாம் சேத்து இன்னும் ஆயிரம். மிச்சம் எண்ணூறு. தேங்கா விலை கேட்டேன். ரெண்டரை யூரோன்னான்.

"மாப்ள, ஒரு தேங்காயா, ஒரு டசனா?"

"ஒண்ணுதான் மாமா. சிலது உள்ள அழுகியும் இருக்கும்."

அழுகினதுக்கு நான் கணக்கு சேக்கல. நியாயமான ஆளு நான். அப்படியும் சாப்பாட்டுக்கே ஆயிரத்தி நூத்தி இருபத்தஞ்சு வருது. முன்னூத்தி இருபத்தஞ்சு யூரோ இடிக்கு. பத்தாது மாப்ளன்னு சொல்லிட்டேன். ஸ்ரீகலா பக்கத்துலதான் நின்னுட்டு இருந்தா. அடுப்படிக்குப் போயிட்டா. அவளுக்கும் புரிஞ்சிருக்கும்னு நினைச்சேன்.

ரெண்டு மாசம் கழிச்சு அவனுக்குச் சம்பளம் கூடிச்சு. இருநூத்தம்பது யூரோ. அன்னைக்கு அவன் முகத்துல அப்படி ஒரு சிரிப்பு.

"இப்பப் பத்தும்லா மாமா?"

திரும்பப் போட்டேன். போன வாட்டி கம்பிளிக் கோட்டு விட்டுப் போச்சு. நாலு பேருக்குக் கோட்டு, மாசத்துக்கு அம்பது. வருசம் ஒருக்க ஊருக்கு வந்து எங்களப் பாக்கணும்லா, விமானத்துக்கு மாசம் முன்னூறு. இப்ப நானூத்தி இருபத்தஞ்சு இடிக்கு. முதல்ல முன்னூத்தி இருபத்தஞ்சு, சம்பளம் கூடினதும் நானூத்தி இருபத்தஞ்சு. வெளிநாட்டுச் சம்பளத்துல இதுதான் சூட்சுமம் தம்பி. கூடக் கூடப் பத்தாது.

மருமவன் சிரிப்ப நிறுத்திட்டு, சரி மாமான்னான். சின்னப் பய போன வாங்கி, அப்பா எப்பக் கூட்டிட்டுப் போவீங்கன்னு கேட்டான். தாத்தா கணக்குல பாஸ் ஆகட்டும்டா மக்ளேன்னு சொல்லிட்டு மருமவன் வச்சுட்டான். கணக்க அவ்வளவு மதிக்கிற பையன்.

களியக்காவிளை வந்துட்டு பாருங்க. இங்க பத்து நிமிசம் போடுவான். டீ வேணும்னா குடிச்சுட்டு வாங்க, நான் சீட்டப் பாத்துக்கிடுதேன். வேண்டாமா? சரி.

அன்னைக்கு ராத்திரி சாப்பிடும்போதுதான் ஸ்ரீகலா வாயத் திறந்தா.

"அப்பா, நீங்க பேப்பர்ல போட்டுப் பாக்கிறீங்க. நாம இங்கயே ஒரு மாசம் அந்த விலைக்கு வாழ்ந்து பாப்போமா?"

"எப்படி மக்ளே?"

"அவங்க அங்க கடைக்குப் போன பில்லு எல்லாம் எனக்கு அனுப்புவாங்க. ஒவ்வொண்ணுக்கும் அங்க என்ன விலையோ அந்த விலையில எழுதுவோம். வாடகை, கரண்டு எல்லாம் போக ஆயிரத்தம்பது யூரோ இருக்கு. முப்பது நாள்ல அதத் தாண்டினா நான் இங்கயே இருந்துக்கிடுதேன். தாண்டலன்னா போறேன்."

"தாண்டும்"னேன்.

"தாண்டினா இனிமே நானும் கேக்க மாட்டேன். அவங்களையும் கேக்க விடமாட்டேன். அவங்க வேலைய விட்டுட்டு வரட்டும்."

அவ சொன்னபடி செய்யுதவ. எனக்கு அந்த நிமிசமே தெரியும், ஜெயிச்சுட்டேன். இருந்தாலும் நேர்மையா நடக்கட்டும்னு, எழுதுத வேலைய பகவதிகிட்ட குடுக்கச் சொன்னதே நான்தான். அவளுக்கு எந்தப் பக்கமும் கிடையாது. நாப்பத்தியொரு வருசமா நான் சொன்னதுக்கு அவ மறுத்து ஒரு வார்த்தை சொன்னதில்ல. ஒத்துக்கிடுதான்னுதானே அர்த்தம்?

பழைய டைரி ஒண்ணு எடுத்துக்கிட்டா. தேதி, சாமான், யாருக்கு, எத்தனை யூரோ. நாலு கட்டம். பிரிட்ஜ் கதவுல ஸ்ரீகலா விலைப் பட்டியல் ஒட்டிட்டா. தேங்கா ரெண்டரை. வெளியில ஒரு டீ மூணு. முடிவெட்ட இருபத்தஞ்சு. தினத்தாள் மூணு. ஸ்கூட்டர்ல ஏறினா பஸ் டிக்கெட்டுக் காசு. அந்த ஊருல வீட்டு வேலைக்கு ஆள் கிடைக்காதுன்னு, எங்க வீட்டுல வேலை செய்யுத தங்கத்துக்கு ஒரு மாசம் சம்பளத்தோட லீவு. அவளுக்கு ஒண்ணும் புரியல. ஊரெல்லாம் போயி, அந்த வீட்டுல எல்லாரும் நெதர்லாந்துக்குப் போயாச்சு, ஆனா வீட்டுலதான் இருக்காங்கன்னு சொல்லிட்டா.

அவங்கவங்க தட்ட அவங்கவங்க கழுவணும்னு ஒரு சட்டம். நான் ரெண்டு நாள் தட்ட அப்படியே வச்சேன். யாராவது கழுவுவாங்கன்னுதான். மூணாம் நாள் காலையில தோசைய வாழையிலையில வச்சா பகவதி. கணக்குல வாழையிலை ஒண்ணு, ஒரு யூரோன்னு எழுதினா. பாத்துட்டு ஸ்ரீகலா, அத விடும்மா, பாவம்னு அந்த வரிய அடிச்சா. பெறவு தட்ட நானே கழுவினேன். கழுவுகது பெரிய வேலை இல்ல தம்பி. இவங்கதான் பெரிசாக்கி வச்சுருக்காங்க.

நான் எதையும் மாத்திக்கிடல. மாத்தினா பரீட்சை பொய்யாப் போகும்லா? வழக்கம் போல மூணு வேளை வெளியில டீ, தினத்தாள், மாசக் கட்டிங், தலைக்கு மை. எல்லாம் உள்ளபடி சொன்னேன், அவ உள்ளபடி எழுதினா. நடுவுல நாலு நாள் கூட்டாளி வீட்டுக் கல்யாணத்துக்குத் திருச்செந்தூர் போயிருந்தேன். அந்த நாலு நாளும் வீட்டுல மொத்தம் ரெண்டே தேங்காதான் உடைச்சுருக்காங்க. என்னன்னு தெரியல. நல்ல காய் வரல போலுக்கு.

முப்பதாம் நாள் சாயந்திரம். வீடியோவுல மருமவன். அங்க அவனுக்கு மத்தியானம், சாப்பிடாம உக்காந்துருக்கான். ஸ்ரீகலா சோபாவுல, கைய மடியில கோத்துக்கிட்டு. பிள்ளைங்க ரெண்டும் அவ பக்கத்துல. நான் கண்ணாடியப் போட்டுக்கிட்டு டைரியக் கூட்டினேன். ஒருக்க இல்ல, மூணு வாட்டி. ஆயிரத்தி முன்னூத்தி தொண்ணூறு.

முன்னூத்தி நாப்பது கூட. பத்தாது.

ஸ்ரீகலா தலையக் குனிஞ்சுக்கிட்டா. பெரியவ எந்திரிச்சு உள்ள போயிட்டா. எனக்கும் சங்கடந்தான், இல்லன்னு சொல்லல. ஆனா கணக்குன்னு வந்துட்டா இரக்கம் பாக்கக் கூடாது. அங்க நான் வாய மூடிருக்கணும் தம்பி. மூடல. எல்லாருக்கும் நல்லாப் புரியட்டும்னு விளக்கம் சொல்ல ஆரம்பிச்சேன்.

"இங்க பாரு மக்ளே, அம்மா எவ்வளவு அழகா எழுதிருக்கா. உனக்குன்னா ஸ்ரீன்னு போட்டுருக்கா, பிள்ளைங்களுக்குன்னா பிள்ளைங்க. அவளுக்கு, நான்னு போட்டுருக்கா. பேரே போடாம சும்மா விட்ட வரி எத்தனை இருக்கு பாரு. அதெல்லாம் வீட்டுப் பொதுச் செலவு. யாரு போனாலும் வந்தாலும் இந்தப் பொதுச் செலவு குறையாது. இது மட்டும் கூட்டினா…" கூட்டினேன். "ஐநூத்தி இருபது. பாத்தியா? பொதுச் செலவே ஐநூத்தி இருபது வாற ஊருல எப்படிப் பிழைக்க?"

ஸ்ரீகலா நிமிந்தா. டைரிய என் கையில இருந்து வாங்கினா. ஒரு பக்கம் பாத்தா, ரெண்டு பக்கம் பாத்தா.

"அம்மா, இந்தப் பேர் போடாத வரி எல்லாம் யாருக்கும்மா?"

பகவதி அடுப்படி வாசல்ல நின்னுட்டு இருந்தா. முந்தானையில கையத் துடைச்சுக்கிட்டு சொன்னா:

"அவிய பேர நான் எப்படி எழுத?"

அவ என் பேரச் சொல்ல மாட்டா தம்பி. எங்க பக்கத்துல பழைய ஆளுங்க அப்படித்தான். ரேஷன் கடையில கூட, வீட்டுக்காரர் பேரு என்னன்னு கேட்டா சுசீந்திரம் கோயில் சாமி பேருன்னுவா. அவங்களே எழுதிக்கிடுவாங்க. பேரச் சொன்னா புருசனுக்கு ஆயுசு குறையும்னு அவ அம்மா சொல்லிக் குடுத்தது. நாப்பத்தியொரு வருசம் என் ஆயுசக் காப்பாத்தினவ, டைரியிலயும் காப்பாத்திருக்கா.

ஸ்ரீகலா வாசிச்சா. ஒவ்வொண்ணா, சத்தமா. வெளி டீ இருநூத்தி முப்பத்தி நாலு. தேங்கா நூத்தி முப்பது. தினத்தாள் எழுபத்தெட்டு. ஸ்கூட்டர் நாப்பத்தியொண்ணு. முடிவெட்டு இருபத்தஞ்சு. தலைக்கு மை பன்னெண்டு. எல்லாம் பேர் இல்லாத வரி. போனுக்குள்ள மருமவன் ஒரு மாதிரி இருமினான். சிரிப்ப அடக்கினா அப்படித்தான் வரும், எனக்குத் தெரியாதா?

"ஆயிரத்தி முன்னூத்தி தொண்ணூறுல ஐநூத்தி இருபது போனா எண்ணூத்தி எழுபது"ன்னா ஸ்ரீகலா. "ஆயிரத்தம்பதுல நூத்தி எண்பது மிச்சம்."

"அது எப்படி? என்னக் கழிச்சுட்டு ஒரு குடும்பமா?"

"அப்பா, நீங்க அங்க வரலயேப்பா."

மெதுவாத்தான் சொன்னா. திட்டல, குத்தல. ரெண்டு வாட்டி கணக்குப் போட்டுருக்கேன், ரெண்டு வாட்டியும் மூணு தேங்கா போட்டுருக்கேன். யாரு எத்தனை பேரு போறாங்கன்னு எழுதினது நாலு. என் மனசுல எத்தனை பேர் இருந்தாங்கன்னு இப்ப நீங்க கேக்காதீங்க. கணக்குல பிழை கிடையாது. ஆளு எண்ணினதுல ஒரு சின்ன இது. அதுக்கு எல்லா ஆபீஸுலயும் இடம் உண்டு.

"வருசா வருசம் வாறதுக்கு டிக்கெட்டு?" அதையாவது கேப்போம்னு கேட்டேன்.

"ரெண்டு வருசத்துக்கு ஒருக்க வந்தாப் போதும்பா."

மருமவன்தான் பேசினான், ரொம்ப மரியாதையா.

"மாமா, அப்ப டிக்கெட் போட்டுரட்டுமா? நீங்க சொன்னாத்தான்."

என்ன சொல்ல? ஜெயிச்சவன் இன்னும் என்கிட்ட உத்தரவு கேக்கான். போடு மாப்ளன்னேன்.

இதோட முடிஞ்சிருந்தா நான் உங்ககிட்ட இவ்வளவு நேரம் பேசிருக்க மாட்டேன். ஸ்ரீகலா டைரிய மூடல. இன்னொரு பேரையும் தனியாக் கூட்டிட்டு இருந்தா.

"அம்மாவுக்கு மாசம் முழுக்க முப்பத்தியொரு யூரோதான் ஆயிருக்கு"ன்னா.

"அவ்வளவுதானா?"ன்னு கேட்டது மருமவன். "அப்ப அத்தையும் வரட்டும் ஸ்ரீ. பிள்ளைங்க பள்ளிக்கூடம் பழகுத வரைக்கும் மூணு மாசம். உனக்கும் ஒத்தாசையா இருக்கும்."

நான் பகவதியப் பாத்தேன். மாட்டேன்னு சொல்லுவான்னு நினைச்சேன். குளிரு, மூட்டு வலி, இங்க இவியள யாரு பாக்க, ஏதாவது ஒண்ணு. முந்தி ஒரு வாட்டி இலங்கைக்கு டூர் போகணும்னு ரெண்டு பேருக்கும் பாஸ்போர்ட் எடுத்தோம். கணக்குப் பாத்தேன், ஒத்து வரல, விட்டுட்டோம். அந்தப் பாஸ்போர்ட்ட அவ பீரோவுல பட்டுச் சேலைக்கு நடுவுல வச்சுருக்கா, காலாவதி ஆகாமப் புதுப்பிச்சு. ஸ்ரீகலாவ வச்சுப் புதுப்பிச்சுருக்கா. எனக்குச் சொல்லல. நான் கேக்கல.

"எனக்குக் குளிரு தாங்கும்"னா பகவதி.

அவ்வளவுதான். நாப்பத்தியொரு வருசத்துல நான் கேக்காமலே அவ சொன்ன ஒரு விஷயம்.

"அப்ப நானும் வந்துருகேனே, ரெண்டு பேருமாப் போயிட்டு வரலாம்லா"ன்னேன். தமாஷாத்தான் சொன்னேன்னு வச்சுக்கிடுங்க. மருமவன் கொஞ்சம் யோசிச்சான்.

"வரலாம் மாமா. ஆனா நீங்களே ஐநூத்தி இருபதுன்னு கூட்டிருக்கீங்க. மிச்சம் நூத்தி எண்பதுதான் இருக்கு."

என் கணக்க என்கிட்டயே சொல்லுதான் தம்பி. எவ்வளவு மதிப்பு பாருங்க.

இன்னைக்குக் காலையில நாலு பேரையும் உள்ள விட்டாச்சு. சின்னப் பய கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு கைய ஆட்டினான். ஸ்ரீகலா அழுதா, கொஞ்ச நேரம். பகவதி அழல. காலுல சாக்ஸ் போட்டுருந்தா, மருமவன் சொல்லி வாங்கினது. முதல் தடவையாப் போடுகா, நடைய ஒவ்வொரு அடியாப் பாத்துப் பாத்து வச்சா. வாசல்ல நின்ன ஆபீசர் பாஸ்போர்ட்டப் பாத்து, கணவர் பேரு என்னன்னு கேட்டான். எதுக்குக் கேட்டான்னு தெரியல, அதுலயே போட்டுருக்கு. அவ ஒரு வாட்டி என்னத் திரும்பிப் பாத்தா. பெறவு சொல்லிட்டா. முழுப் பேரையும். தாணுமாலயன்னு. கூட்டத்துக்குள்ள இருந்தும் எனக்கு நல்லாக் கேட்டுது. அவ வாயில அந்தப் பேரு எப்படி இருக்கும்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்.

ஏர்ப்போர்ட் வரைக்கும் கார் பிடிச்சோம். திரும்ப ஒரு ஆளுக்கு எதுக்குக் காருன்னு பஸ்ஸுல ஏறிட்டேன். அதுவும் ஒரு கணக்குதானே.

தக்கலை தாண்டிட்டுல்லா? இன்னும் அரை மணிக்கூர்தான். தங்கம் நாளைக்குத்தான் வருவா. ரெண்டு நாளைக்குப் புளிக்கறி வச்சு பிரிட்ஜுல இருக்கு, சூடு பண்ணிக்கிடுங்க, சோறு மட்டும் நீங்க வடிச்சுக்கிடுங்கன்னு பகவதி சொல்லிட்டுப் போயிருக்கா. குக்கரு இருக்கு. அதத் திறக்கிறது மூடுகது எல்லாம் ஸ்ரீகலா நேத்து காட்டித் தந்தா. ஒண்ணு மட்டும் கேக்க விட்டுப் போச்சு. இப்ப போன் போட்டா அவங்க ஆகாயத்துல இருப்பாங்க.

உங்க வீட்டுல நீங்க சமைப்பீங்களா தம்பி? சும்மாதான் கேக்கேன். ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடணும்?

ஒரு டம்ளரா. ராத்திரிக்கும் சேத்தா? சேத்துத்தானா. அப்ப மாசத்துக்கு முப்பது டம்ளர், டம்ளருக்கு இருநூறு கிராம்னு வச்சா… சரி, அது கிடக்கட்டும்.

தண்ணி எத்தனை டம்ளர்?